அவள் பெயரில் பின்னிய சுவெற்றர்

எனக்குப் பின்னத் தெரியும். இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. ஏதோ கொஞ்சம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்தும் கையும் பொருந்தி, போட்ட பிள்ளைக்கு எங்கும் இழுக்காத கம்பளிச் சுவெற்றர் ஒன்றை, புத்தகம் எதுவும் பார்க்காமல், என் சொந்தக் கோலத்தில் பின்னத் தெரியும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் சின்ன வயதில் போட்டவை எல்லாம், ஒன்றைத் தவிர, நான் பின்னியவைதான். ஊருக்குத் தெரிந்ததோ வேறு கதை. அந்த வேறு கதையைத் தலையில் சுமந்தவள் என் மனைவி. அவள் இருக்கும்போதே நான் இதை எழுதியிருக்க வேண்டும்.

பழகியது முதலாம் உலக யுத்தத்தின்போது. அப்போது கண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். போர்முனையில் குளிரில் நிற்கும் சிப்பாய்களுக்காக என்று வெள்ளைக்காரத் தலைமையாசிரியரின் மனைவி, துரைசாணி அம்மா, பையன்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு ஊசியும் ஒரு சாம்பல் நிற நூலுருண்டையும் தந்து, கழுத்துச் சால்வை பின்னப் பழக்கினார். யுத்தம் முடிந்த அன்றே மற்றப் பையன்கள் ஊசியை எறிந்துவிட்டார்கள். நான் எறியவில்லை. வரிசை தப்பாமல் ஒன்றைச் செய்வதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிற்காலத்தில் என்னைக் கண்டியிலேயே அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக்கியதும் அதே பைத்தியம்தான்.

கண்டிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்து வந்த எங்களுக்கு மார்கழி, தை மாதத்து விடியற்காலை போதும், பல்லுக் கிட்டிக்கொள்ள. எங்கள் வீடு வாவிக்கு மேலே மேட்டில் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம் கேட்காமலே உள்ளே வந்து குந்தும். கல்யாணம் முடித்து வந்த முதல் வருஷமே என் மனைவிக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்துவிட்டது. மகள் பிறந்தபோது பிள்ளையைப் பழைய சேலையில் நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. திருகோணமலை வீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் போய்க் கம்பளி நூல் கேட்டேன். வீட்டுக்காரிக்கு என்று சொல்லிக்கொண்டேதான் கேட்டேன். அவர் நாலு நிறத்தை எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"ஐயாட கையப் பாத்தா நூலோட பழகின கை மாதிரி ஈக்குதே" என்று அவர் சிரித்தார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. முதலில் கையில் அகப்பட்டதைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மஞ்சளில் பாதி, பச்சையில் பாதி. மகளின் முதல் சுவெற்றர் பழுத்தும் பழுக்காத மாம்பழம்போல் இருந்ததற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

என் மனைவி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆம்பிளை இருந்து பின்னுறதை நான் இப்பத்தான் பாக்கிறன்" என்றாள். பிறகு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய், முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். நான் வாழ்க்கையில் வாங்கிய எந்த நற்சாட்சிப் பத்திரத்திலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ஆனால் வெளியில் தெரியக்கூடாது என்று அன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் கந்தோரை அறிந்தவர்களுக்கு நான் ஏன் பயந்தேன் என்று புரியும். அங்கே ஒரு மனுஷன், பெண்சாதி நோயில் கிடந்த ஒரு கிழமை சோறு சமைத்தான். சமைத்தேன் என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டான். இளைப்பாறிப் போகும் மட்டும் அவனுக்குப் பெயர் 'குசினி', அதாவது அடுப்படி. எங்கள் பெரிய கிளாக்கர் சம்பளப் பட்டியலைப் பார்க்கும்போதுகூட "குசினி வந்திட்டாரோ?" என்றுதான் கேட்பார். சோறு சமைத்தவனுக்கே அந்தக் கதி என்றால் கம்பளி பின்னுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? நினைக்கவே எனக்கு வியர்த்தது. எனக்கு வாய் நீளம். முதுகெலும்புதான் கொஞ்சம் குட்டை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், பின்னறையில், யன்னலைச் சாத்திவிட்டுப் பின்னினேன். சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, நுனியை அரத்தால் ராவி ஊசி செய்துகொண்டேன். கந்தோரில் கழித்துப் போட்ட படிவங்களின் பின்பக்கத்தில் கட்டம் கீறி, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறித்துக்கொண்டேன். மகள் வளர்ந்து நாலைந்து வயதானதும் நூற்கழியை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு என் எதிரில் நிற்பாள். நான் உருண்டையாகச் சுற்றுவேன். அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன், வெளியில் சொல்லக்கூடாது என்று. அவள் அதை எங்கள் இருவருக்குமான ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

அந்த விளையாட்டுக்குள் என் மனைவியை நான் இழுத்துவிட்டது ஒரு நாள், ஒரு நிமிஷத்தில். மகளின் கையளவு பார்ப்பதற்காகப் பாதிப் பின்னலுடன் முன் கூடத்துக்கு வந்திருந்தேன். அயல் வீட்டுத் தபாலதிபரின் மனைவி குசினிப் பக்கத்தால் நுழைந்து, "தங்கச்சி, கொஞ்சம் உறைமோர் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டார். நான் என்ன செய்தேன்? ஊசியையும் நூலையும் அப்படியே கதிரையில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் மடியில் போட்டேன்.

"இவதான் பின்னுறா. நான் அளவு சரியோ எண்டு பாத்தனான்" என்றேன்.

தபாலதிபரின் மனைவி பின்னலை எடுத்துப் பார்த்தார், கண்ணை அகல விரித்தார், என் மனைவியின் கன்னத்தைத் தடவினார். "இவ்வளவு கெட்டித்தனத்தை வைச்சுக்கொண்டு ஒண்டும் தெரியாதவள்போலை இருந்திருக்கிறாய்!" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் யன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான விஷயம் நடப்பதுபோல் பார்த்தேன்.

அன்று தொடங்கி அவளுக்குக் கண்டித் தமிழ்க் குடும்பங்களுக்குள் பெரிய பெயர். எங்கே போனாலும் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திச் சுவெற்றரைத் திருப்பிப் பார்ப்பார்கள். பழக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அவள் நேரமில்லை என்பாள், கை உளைவு என்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுவாள்: "இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு கண்ணி போடத் தெரியாது. ஒரு நாளைக்கு ஆரேன் ஊசியைக் கையிலை தந்தால் நான் என்ன செய்யிறது?"

"ஆர் தரப்போகினம்? நீர் சும்மா பயப்பிடாதையும்" என்று நான் சொல்லுவேன். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் இனித்தது. அவள் காதில் விழுந்தாலும் சேர வேண்டிய இடம் எனக்குத் தெரியும் அல்லவா? பயம் அவளுக்கு, ருசி எனக்கு. இப்படியே மூன்று நாலு வருஷம் போயிற்று. இதற்கிடையில் மகனும் பிறந்து, அவனுக்கும் பின்னினேன்.

மகளுக்கு எட்டு வயது நடக்கும்போது நான் பின்னியதுதான் என் வாழ்நாளில் சிறந்த சுவெற்றர். தினமும் வாவிக்கரையால் கந்தோருக்கு நடப்பேன். அந்தக் கரைச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்விளிம்பு அலை அலையாகப் போகும், கீழே விளக்கு வைக்கிற சின்ன முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கும். அதை அப்படியே கம்பளியில் இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளை நூலில் அலை, கருநீலத்தில் மாடங்கள். நெஞ்சைச் சுற்றிப் போகிற அலை, கை பொருத்துகிற இடத்தில் அறுந்துவிடாமல் கைக்குத் தாவ வேண்டும். அதுதான் கஷ்டம். மூன்று தரம் பிரித்துப் பிரித்துப் பின்னினேன். நாலாம் தரம் அலை தாவியது. நான் பின்னறையில் தனியே இருந்து கை தட்டினேன்.

மகள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் தாய்மாரின் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். விண்ணப்பப் படிவத்தை மகள் கொண்டுவந்தாள். என் மனைவி அதைப் படித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். நான் எடுத்தேன். என் அழகான கிளாக்கர் எழுத்தில் அவள் பெயரை எழுதி, 'கம்பளிச் சுவெற்றர், சொந்தக் கோலம்' என்று நிரப்பினேன்.

"வேண்டாமப்பா" என்றாள் அவள். "அங்கை ஏதும் கேட்டால்?"

"மேசையிலை வைச்சிருக்கிற சாமானைப் பாத்திட்டுப் போவினம். பரிசு கிடைச்சால் உமக்குத்தானே பெருமை."

உமக்குத்தானே பெருமை என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரர்களின் கண்ணில் என் அலை பட வேண்டும் என்று எனக்கு நாக்கு ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் பெயர் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு ஒரு பெரிய அரசாங்க உத்தியோகத்தரின் துரைசாணி பிரதம விருந்தினராக வந்தார். மண்டபத்தின் முன்பக்கம் தாய்மார், பின்பக்கம் நாங்கள், கோட்டுப் போட்ட தகப்பன்மார். எங்கள் பெரிய கிளாக்கரின் மகளும் அங்கேதான் படித்தாள். அவர் எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தார். பிள்ளைகள் பாட்டுப் பாடுவதற்காக மேடையின் ஓரத்தில் நின்றார்கள். துரைசாணி மேசை மேசையாக நடந்து வந்து என் சுவெற்றரின் முன்னால் நின்றுவிட்டார். இது வாவிச் சுவரல்லவா என்று கூவினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதற் பரிசு அதற்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

என் மனைவி மேடைக்குப் போனாள். கல்யாணக் கூறைச் சேலை கட்டியிருந்தாள். பரிசு ஒரு தையல் பெட்டி. அதைக் கொடுத்துவிட்டுத் துரைசாணி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையான வெள்ளைக்கார மிஸியம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மிஸியம்மா முன்பு யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்தவர். வேதபுத்தகத் தமிழ் பேசுவார்.

"இந்த அலையானது கையிலே எவ்விதமாய்த் தொடருகிறது என்று துரைசாணி அறிய விரும்புகிறார். சில கண்ணிகள் பின்னிக் காண்பியும், அம்மா" என்றார். மேடை மேசையில் இருந்த ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினார்.

என் மனைவி வாங்கினாள். இரண்டு ஊசியையும் அகப்பையைப் பிடிப்பதுபோல் ஒரே கையில் பிடித்தாள். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவற்றை மேசையில் வைத்தாள்.

"எனக்குப் பின்னத் தெரியாது, மிஸியம்மா."

"அப்படியானால் இதைப் பின்னியது யார்?"

"வேறை ஆளிட்டைப் பின்னுவிச்சனான்."

"யாரிடத்தில்?"

"அதைச் சொல்லேலாது."

மூன்று பதிலிலும் ஒரு பொய் இல்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்; ஒரு தரம் பார்த்திருந்தால் போதும், மண்டபம் முழுக்க என்னைப் பார்த்திருக்கும். பாட்டுக்கு நின்ற பிள்ளைகளுக்குள் என் மகள் வாயைத் திறந்தாள். தாய் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். மகள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் என்னைப் பார்த்தாள்.

நான் எழும்பவில்லை. எழும்ப நினைத்தேன், கால் வரவில்லை என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். நினைக்கவும் இல்லை. பெரிய கிளாக்கர் இரண்டு கதிரை தள்ளி இருக்கிறார் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸியம்மா தையல் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டாம் இடத்துக்கு வந்திருந்த தபாலதிபரின் மனைவியைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாவிக்கரையால் வீட்டுக்கு நடந்தோம். வழி முழுக்க அந்தச் சுவரும் கூடவே வந்தது. மனைவி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லுக் குத்தும், பார்த்து நட என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. நான் பேசியது இது:

"நீர் ஒரு நாலு கண்ணியாவது பழகி வைச்சிருக்கலாம்."

இதை எழுதக் கை கூசுகிறது. அவள் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டு நடந்தாள்.

பிறகு ஊர் பேச்சைத் தொடங்கியது. அவளுக்கு உண்மையிலேயே கைவந்த வித்தை ஒன்று இருந்தது: பலகாரம். அவள் சுட்ட பயற்றம் பணியாரத்துக்குக் கண்டியில் ஒரு கூட்டமே அடிமை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு விசேஷம். அவள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனாள். ஒருத்தி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. இது ஆரிட்டைச் சுடுவிச்சது?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பெரிதாக அல்ல, வாய்க்குள். அவள் பாதிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, மகள் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதற்குப் பிறகு நூல் சுற்றக் கை நீட்டச் சொன்னால் வீட்டுவேலை இருக்கிறது என்று போய்விடுவாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மனைவி பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எனக்குப் பழக்குங்கோ" என்றாள்.

பழக்கினேன். நல்ல வாத்தியார் அல்ல நான். கண்ணி நழுவினால் சூள் கொட்டுவேன், ஊசியைப் பிடுங்குவேன். அவள் பேசாமல் திரும்ப வாங்கித் திரும்பத் தொடங்குவாள். பலகாரத்தில் அப்படி ஓடுகிற விரல்கள் நூலில் விறைத்துப்போய் நின்றன. இரண்டு மாதம் இருந்து மகனுக்கு ஒரு சுவெற்றர் பின்னினாள். ஒரு கை நீளம், மற்றக் கை கட்டை. கழுத்து இறுக்கம், எங்கள் குடும்பத்துக்கே உரிய அவனுடைய பெரிய தலையை அதற்குள் நுழைக்க நாங்கள் இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அவளுக்கோ முகம் நிறையச் சிரிப்பு. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. மகனை அழைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.

நான் பின்னறையில் இருந்தேன். யன்னல் சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்கும்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. இது நான் பின்னினது. நானேதான் பின்னினனான்."

தபாலதிபரின் மனைவி பார்த்திருப்பார். பிறகு அவருடைய குரல் கேட்டது. கெட்ட மனுஷி அல்ல; இரக்கத்தோடுதான் சொன்னார்.

"ஓம், தங்கச்சி, இது நீர் பின்னினதுதான். பாக்கவே தெரியுது. அப்ப மற்றதெல்லாம் கட்டாயம் வேறை ஆளின்ரை கைதான், என்ன?"

அவள் உண்மையாகப் பின்னிய ஒன்றே அவள் பொய்க்காரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. என் மடியில் ஊசியும் நூலும் கிடந்தன. அப்போதும் நான் யன்னலைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு முடிவெடுத்தேன், நாளைக்குப் போய் மிஸியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. மிஸியம்மா சொன்னால் ஊர் கேட்கும். என் மனைவியிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் என் கோட்டைத் தட்டித் தந்தாள்.

மத்தியான இடைவேளையில் போனேன். மிஸியம்மா தன் அறையில் இருந்தார். மேசையில் பாடப்புத்தகங்களுக்கு நடுவே, அவர் பாதி பின்னி வைத்த காலுறை ஒன்று ஊசியோடு கிடந்தது. நான் நின்றபடியே சொன்னேன்: அந்தச் சுவெற்றரைப் பின்னியது நான்தான், பிள்ளைகளுக்கு எப்போதும் பின்னுவதும் நான்தான், என் மனைவி எனக்காகத்தான் அந்தப் பழியை ஏற்றாள். மனப்பாடம் செய்துகொண்டு போனதில் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

மிஸியம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் நின்றது.

"உம்முடைய மனைவியின்மேல் நீர் வைத்திருக்கிற அன்பு பெரிது" என்றார். "ஆனாலும் அவளைக் காப்பதற்காக நீர் பொய் சொல்லலாகாது."

"பொய்யில்லை, மிஸியம்மா."

அவர் அன்பாகச் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தக் காலுறை என் கைக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. எடுத்து ஒரு வரிசை பின்னினால் கதை முடிந்தது. பேச்சே வேண்டாம். என் கை மேசை விளிம்பு மட்டும் போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல் கேட்டது. திரும்பினேன். பெரிய கிளாக்கர். மகளின் விஷயமாக ஏதோ கேட்க வந்தவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருக்கிறார்.

என் கை மேசை விளிம்பில் இருந்து என் தொப்பிக்குப் போயிற்று. மிஸியம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் கந்தோரில் பெரிய கிளாக்கர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "ஐசே, நீர் ஆம்பிளை! பெண்சாதியின்ரை மானத்துக்காகத் தான் பின்னினதெண்டு போய்ச் சொன்ன மனுஷன் ஐயா இவர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேலிச் சிரிப்பு அல்ல. எனக்குத் தேத்தண்ணீர் எடுப்பித்துத் தந்தார்கள். 'குசினி' என்று பெயர் வாங்கிய மனுஷன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒரு கிழமைக்குள் கண்டித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் நான் தங்கமான புருஷனாகிவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போய் மாலையோடு திரும்பி வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தபாலதிபரின் மனைவி வேலியடியில் என் மனைவியிடம் சொன்னதையும் கேட்டேன். "இப்பிடி ஒரு மனுஷன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கவேணும், தங்கச்சி. இனியாவது அவரைத் தலைகுனிய வைக்காதை."

மனைவி உள்ளே வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"மிஸியம்மாவின்ரை மேசையிலை ஊசி கிடக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"கிடந்தது" என்றேன்.

"நூல்?"

"நூலும் கிடந்தது."

அவள் என் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விறாந்தையில் இருந்து பின்னப் போகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். தெருவைப் பார்த்தபடி, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க. சொன்னபடியே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். மகளின் அடுத்த சுவெற்றரின் முதுகுப் பக்கம். அன்றைக்கு விடாத மழை. தெருவில் ஒரு காகம்கூட இல்லை. மழை பெய்கிற ஞாயிறாகப் பார்த்துத்தான் நான் இருந்தேனோ என்று கேட்டால், ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு விரற்கடை பின்னியிருப்பேன். மனைவி வந்து வாசல் நிலையில் நின்று, தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மழை விட்டாப் பிறகும் இருப்பியள்தானே?" என்று கேட்டாள்.

"இருப்பன்" என்றேன்.

அவளும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். மகளும் வந்து தாயின் காலடியில் இருந்தாள். நாலு மணிபோல மழை விட்டது. மேட்டுத் தெருவில் இரண்டு மூன்று பேர் குடையை மடக்கிக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. நான் நூலைச் சுருட்டிக்கொண்டு எழும்பி உள்ளே போனேன்.